பெர்த்திலிருந்து இலண்டன் எத்தனை மணி நேரம்?

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரிலிருந்து இலண்டன் மாநகருக்கு ஆகாய மார்க்கமாக 14,499 கிலோமீட்டர் தூரம். 2018-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் மாலை 7 மணிக்குச் சற்று முன்னதாகப் பெர்த்திலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் விமானம், வழியில் எங்கும் இறங்காமல், மறுநாள் அதிகாலை 5 மணியளவில் இலண்டனை அடைந்தது. அப்படியானால் 10 மணி நேரப் பயணம்தானே என்று சிறு வகுப்புத் தங்கை ஒருத்தி விரல் விட்டு எண்ணக்கூடும். அவள் கணக்கில் ஒன்று விடுபட்டுவிட்டது. அன்று பெர்த் கடிகாரம் இலண்டன் கடிகாரத்தைவிட 7 மணி நேரம் முந்தியிருந்தது. இலண்டனில் காலை 5 மணி என்றால் பெர்த்தில் நண்பகல் 12 மணி. ஆகவே வானில் கழிந்தது 17 மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

இந்தத் தூரத்தைச் சுவரில் தொங்கும் தட்டையான தேசப்படத்தில் அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம். வகுப்பறையிலுள்ள பூகோள உருண்டையை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் படியும் பாதையே மிகக் குறுகிய வழி. விமானிகள் கூடுமானவரை அதை ஒட்டியே செல்கின்றனர்.

போகும்போதும் வரும்போதும் தூரம் ஒன்றே, நேரம் ஒன்றல்ல. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்று ஆறுபோல் ஓடுகிறது. கிழக்கே செல்லும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கே செல்லும் விமானத்தை எதிர்க்கும். 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மூண்டு, ஈரானின் வான்வெளியைத் தவிர்க்க நேர்ந்தபோது இந்த வேற்றுமை நன்கு விளங்கியது. பயணிகளை நிறைய ஏற்றிக்கொண்டு சுற்றுவழியில் இலண்டன்வரை செல்ல எரிபொருள் போதாது. எனவே பெர்த்திலிருந்து கிளம்பிய விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டது. இலண்டனிலிருந்து திரும்பிய விமானமோ காற்றின் தயவால் நில்லாமலே வந்து சேர்ந்தது.

எரிபொருளைக் கூட்டினால் ஆட்களைக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கு மிகக் கடுமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலிருந்த விமானப் பாதை அறுந்தது. 1943-இல், இதே பெர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து காட்டலினா என்னும் கடல் விமானங்கள் எழும்பி, இலங்கையில் காலி நகரை அடுத்த கொக்கலா ஏரியில் இறங்கத் தொடங்கின. தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர்தான். பயணமோ 27 முதல் 32 மணி நேரம்! எரிபொருளின் பாரமே மிகுதியானதால் மூன்று பயணிகளுக்கே இடம். எதிரிக்குத் தெரியக்கூடாதென்று வானொலித் தொடர்பும் கொள்ளாமல், நட்சத்திரங்களைப் பார்த்தே இந்துமாக்கடலைக் கடந்தனர். அந்த மூவருள் ஒருவராக உட்கார எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்ட அவர்களுக்கு, ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது.