உருவம் ஒன்று, இனம் பல

குளத்து நீரில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்து நோக்கினால், பாதரட்சை வடிவங்கொண்ட நுண்ணுயிர்கள் நீந்தக் காண்கிறோம். ஒரே உயிரணுதான் முழு உடல். அதன்மேல் ஆயிரக்கணக்கான ரோமங்கள் துடுப்புப்போல் அசைகின்றன. இவற்றுள் 'பாரமீசியம் அரேலியா' என்பதை 18-ம் நூற்றாண்டில் பெயரிட்ட காலமுதல், ஒரே இனமென்றே விஞ்ஞானிகள் நம்பியிருந்தனர்.

அந்நம்பிக்கையை அமெரிக்கரான டிரேசி ஸானபார்ன் குலைத்தார். இவ்வுயிர்கள் தக்க துணையுடன் ஒட்டிக்கொண்டு, உட்கருவின் பகுதிகளை மாற்றிக்கொள்வதுண்டு. 1937-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருக்கும் கூட்டங்கள் பலவற்றுக்குள் கொள்வினை கொடுப்பினையே இல்லையென அவர் கண்டார். உருவத்தில் ஒன்று, உறவில் வேறு!

எனினும், புதுப் பெயர் சூட்ட அவர் விரையவில்லை. தம்மிடம் வளரும் உயிர்க் கூட்டங்களுடன் சேர்த்துப் பார்த்தாலன்றிப் பிறர் அடையாளங் காண இயலாத இனத்துக்குப் பெயரிட்டு என்ன பயன்? பிற்காலத்தில் அவற்றின் நொதிகளிலும் வேற்றுமை புலப்பட்டது. அதன் பின்னரே, 1975-ல், 14 இனங்களுக்குப் பெயரிட்டார். 1981-ல் அவர் மறைந்தார். 1983-ல் பதினைந்தாவதாக விவரிக்கப்பட்ட இனம் அவர் பெயரையே தாங்கியது.

பெயரிடுதல் எளிது, பிறரும் சோதித்தறியுமாறு பெயரிடுதலே அரிது. அதற்காக 38 ஆண்டுகள் காத்திருந்த பொறுமையை நாம் போற்றுகிறோம்.