பைன் மின்னஞ்சல் நிரலில் தவறுதலான கட்டளைகளை ரத்து செய்தல்

பைன் என்பது எழுத்துகளை மட்டுமே திரையில் காட்டும் மின்னஞ்சல் நிரல். அமெரிக்காவில், சியாட்டில் நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் இதன் உருவாக்கம் தொடங்கியது. 2007-இல் முழுப் பதிப்பாக வெளிவந்த ஆல்பைன் இதன் வழித்தோன்றல். இரண்டையும் விசைப்பலகையாலேயே இயக்கலாம். அஞ்சல் பட்டியல் திரையில் ஓர் எழுத்தே ஒரு கட்டளை. கடிதம் எழுதும் திரை என்று நினைத்து அங்கே தட்டச்சு செய்தால், எழுத்துகள் கட்டளைகளாகிவிடும். இவ்வாறு நேர்ந்தவற்றுள் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறலாம்.

நிரல் கேள்வி கேட்கும்போது

பல கட்டளைகளை நிறைவேற்றும் முன் பைன் திரையின் அடியில் ஒரு கேள்வி கேட்கும். அப்போது கண்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தினால் கட்டளை ரத்தாகும். யூனிக்ஸ் கணினிகளில் இதே விசைகள் பொதுவாக ஓடும் நிரலையே நிறுத்திவிடும். பைனில் அவ்வாறில்லை, எனவே அஞ்ச வேண்டாம். கண்ட்ரோல் விசை வேலை செய்யாத முனையங்களில், எஸ்கேப் விசையை இருமுறை தட்டிப் பின் சி விசையைத் தட்டலாம். மட் என்னும் மற்றொரு நிரலில் ரத்து செய்வதற்குக் கண்ட்ரோலுடன் ஜி.

அஞ்சல் பட்டியலில்

டி விசை அஞ்சலை உடனே அழிப்பதில்லை. அழிக்க வேண்டியது என்று குறியிட மட்டும் செய்யும். அந்த வரியின் இடப்பக்கம் டி எழுத்து தோன்றும். அவ்வரிக்குச் சென்று யு விசையை அழுத்தினால் குறி நீங்கும். குறியிட்டதும் அடுத்த அஞ்சலுக்கு நிரல் நகர்ந்துவிடும் என்பதால், மேலேயுள்ள வரிகளையும் பார்க்க வேண்டும்.

கடிதம் எழுதும் திரையில்

கண்ட்ரோலுடன் கே அழுத்தினால் ஒரு வரி நீங்கும். உடனே கண்ட்ரோலுடன் யு அழுத்தினால் அது திரும்பும். வேறிடம் சென்று மீண்டும் கே அழுத்தினால் முன்பு நீக்கிய வரி கிடைக்காது. இத்திரையில் கண்ட்ரோலுடன் சி அழுத்துவது கடிதத்தையே கைவிடுவதாகும். முதலில் உறுதி கேட்கும். கைவிட்ட கடிதம், யூனிக்சில் உங்கள் முகப்பு அடைவிலுள்ள டெட்.லெட்டர் என்ற கோப்பில் சேமிக்கப்படும். இயல்பான அமைப்பில் அடுத்துக் கைவிடும் கடிதம் அதன்மேல் எழுதப்படும் என்பதால், தேவையானதை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீட்க முடியாதவை

பட்டியலில் எக்ஸ் விசையை அழுத்தும்போதும், நிரலை விட்டு வெளியேறும்போதும், குறியிட்ட அஞ்சல்களை நீக்கிவிடலாமா என்று பைன் கேட்கும். ஆம் என்றால் அவை அஞ்சல் பெட்டியிலிருந்து போய்விடும். பின்னர் யு விசை பயன்படாது. கணினி நிர்வாகியிடம் காப்புப் படி இருந்தால் மட்டுமே மீட்கலாம். அனுப்பவா என்ற கேள்விக்கு ஆம் என்று விடையளித்து அனுப்பிய கடிதத்தையும் திரும்ப அழைக்க முடியாது.

எனவே, நீக்கலாமா என்ற கேள்வியில் ஐயம் எழுந்தால் என் விசையை அழுத்துக. அஞ்சல்கள் குறியுடன் அப்படியே இருக்கும். அடுத்த முறை நிதானமாகப் பார்த்து முடிவு செய்யலாம்.