பெயருக்கு ஏற்ற வினை

ஆங்கிலம் கற்கும் இளைஞன் ஒருவன் இலக்கண விதிகளை ஐயந்திரிபறக் கற்றிருக்கிறான். முக்காலங்களையும் வழுவின்றிக் கையாள்கிறான். சொல்வளமும் அவனிடம் குறைவின்றி உண்டு. நேர்முகப் பரீட்சைக்குச் சென்றவிடத்து, முன்பு தான் ஒரு தவறு செய்ததாகக் கூற விரும்பி, 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்கிறான். எதிரே அமர்ந்திருப்போர் இதழில் சிறு புன்னகை தோன்றுகிறது. அவன் கூறியதன் பொருள் விளங்காமற் போகவில்லை, இலக்கணமும் பிழைபடவில்லை. ஆயினும், 'ஐ மேட் எ மிஸ்டேக்' என்பதே ஆங்கில வழக்கு. 'டூ' என்னும் வினை அங்கே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று கேட்டால், பதில் கூறுவது ஆங்கிலேயருக்கே எளிதன்று.

ஆங்கிலத்திற் பெரிய சொற்கள் கற்போரை அவ்வளவாக வருத்துவதில்லை. அவற்றை அகராதியிற் பார்த்து அறிந்துகொள்ளலாம். வருத்துபவை மேக், டூ, டேக், ஹாவ், கிவ், பே, கீப் போன்ற சின்னஞ்சிறு வினைச்சொற்களே. முதலாம் பாடத்திலேயே அறிமுகமாகும் இவை, இறுதிவரை பிடிகொடாமல் நழுவுகின்றன. டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், ஆங்கில இலக்கணம் பற்றிய தமது பெருநூலில், இவ்வாறு வரும் வினைகளை 'இலேசான வினைகள்' என்று குறித்தார். பொருட்சுமையைப் பெயர்ச்சொல்லே தாங்குகிறது. வினையோ அதற்கு ஒரு கைப்பிடியாக மட்டும் நிற்கிறது. 'ஹாவ் எ லுக்' என்னும்போது, பார்த்தல் என்னும் பொருள் 'லுக்' என்பதிலேயே உண்டு. 'ஹாவ்' என்பதற்குரிய உடைமைப் பொருளை அங்கே தேடுவது வீண்.

ஆசிரியர்கள் ஒரு விதி சொல்லிக் கொடுப்பது வழக்கம். புதிதாக ஒன்றை ஆக்கினால் 'மேக்'. ஒரு வேலையில் ஈடுபட்டால் 'டூ'. இவ்விதி ஓரளவுக்குக் கைகொடுக்கும். நாற்காலி, பலகாரம், ஓசை ஆகியவற்றுக்கு 'மேக்'. வீட்டுவேலை, பாடசாலைப் பயிற்சி, கடமை ஆகியவற்றுக்கு 'டூ'. அதற்கு அப்பாற் சென்றால் விதி தளர்ந்துவிடுகிறது. வியாபாரம் நடத்துவது 'டூ'; அவ்வியாபாரத்திற் பணம் ஈட்டுவது 'மேக்'. பிறருக்கு உதவி புரிவது 'டூ'. அவ்வுதவியை வேண்டிக் கொள்வது 'மேக்'. தீங்கு இழைப்பது 'டூ'; தவறு இழைப்பது 'மேக்'. காலையில் எழுந்து படுக்கையை ஒழுங்குபடுத்துவதும் 'மேக்' என்றே கூறப்படும். அங்கே தச்சன் கட்டில் செய்யவில்லை என்பதை யாரும் அறிவர்.

இந்த முறைகேட்டுக்குக் காரணம் ஆங்கிலத்தின் வரலாற்றில் ஓரளவு புலப்படும். அம்மொழி பல ஊற்றுக்கள் கலந்த ஆறு. 'டேக்' என்னும் வினை, ஸ்கண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரின் மொழி தந்தது. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சுப் பெயர்ச்சொற்கள் பெருந்தொகையாகப் புகுந்தன. ஆக்குதல், செய்தல் ஆகிய இரண்டுக்கும் பிரெஞ்சு மொழியில் 'ஃபேர்' என்ற ஒரே வினை பெரும்பாலும் போதும். ஆங்கிலத்திலோ இரண்டு வினைகள் இருந்தன. எந்தப் பெயர் எந்த வினையுடன் சேரும் என்பதை நூற்றாண்டுகளாக மக்களின் நாவே தீர்மானித்தது. அத்தீர்ப்பு எங்கும் ஒன்றாக அமையவில்லை. ஒரு முடிவுக்கு வருவதை அமெரிக்கர் 'மேக்' என்பர். பிரித்தானியர் 'மேக்' என்றும் 'டேக்' என்றும் சொல்வர். குளிப்பதற்குப் பிரித்தானியர் பெரிதும் 'ஹாவ்' என்பதையும், அமெரிக்கர் 'டேக்' என்பதையும் ஆள்வர்.

ஏனைய மொழிகளை நோக்கினால் இவ்வியல்பு மேலும் தெளிவாகும். கவனம் என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் கவனத்தைப் பணம்போலக் கொடுத்துத் தீர்ப்பர். 'பே அட்டென்ஷன்' என்பது அவர் வழக்கு. ஸ்பானியர் அதனை இரவலாகக் கொடுப்பர். ஜெர்மானியர் பரிசாக அளிப்பதும் உண்டு. பிரெஞ்சுக்காரர் அதனைச் செய்வர். தமிழர் கவனத்தைச் செலுத்துவர். வரியைச் செலுத்துவதும் அஞ்சலியைச் செலுத்துவதும் அதே வினையாலேயே. ஆங்கிலத்திலும் இம்மூன்றுக்கும் 'பே' என்பதே வரும். கவனம், வரி, அஞ்சலி மூன்றிலும் இரு மொழிகளும் கைகோத்துச் செல்கின்றன. இதனைக் கண்டு மகிழ்ந்தவர் அடுத்த அடியிலேயே இடறக்கூடும். ஏனெனில், ஒருவர் வீட்டுக்குச் சென்று காண்பதற்கும் ஆங்கிலம் 'பே எ விசிற்' என்கிறது. தமிழில் அதனைச் செலுத்த இயலாது.

தமிழ் இவ்வியல்புக்குப் புறம்பானதன்று. மூச்சு விடுகிறோம், கண்ணீர் விடுகிறோம், பட்டம் விடுகிறோம், பிழையும் விடுகிறோம். கையெழுத்தும் இடுவதே, பொட்டும் இடுவதே, ஆணையும் இடுவதே. பாம்பும் படம் எடுக்கிறது, புகைப்படக்காரரும் படம் எடுக்கிறார். தமிழ் கற்க வந்த அயல்நாட்டவர் ஒருவர், பிழையை எங்கிருந்து எங்கே விடுவது என்று கேட்டால், வழக்கு அதுதான் என்பதன்றி வேறு விடை கூறுவது அரிது. தாய்மொழியில் இக்கட்டுகள் குழந்தைப் பருவத்திலேயே செவிவழி நுழைந்துவிடுவதால், அவற்றின் விந்தை புலனாவதில்லை.

இச்சொற்சேர்க்கைகளை முறையாகத் திரட்ட வேண்டும் என்னும் எண்ணம், ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தவர்களிடையே வலுப்பெற்றது. 1922இல் யப்பானுக்குச் சென்ற ஹரல்ட் பாமர், ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய அறிக்கை ஒன்றை 1933இல் டோக்கியோவில் வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஏ. எஸ். ஹோர்ன்பி, வேறிருவருடன் சேர்ந்து தொகுத்த மாணவர் அகராதி 1942இல் யப்பானில் அச்சேறியது. 1948இல் ஒக்ஸ்போர்ட் அச்சகத்தார் அதனை உலகெங்கும் பரப்பினர். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிப் பின்னர் இலண்டனில் மொழியியற் பேராசிரியரான ஜே. ஆர். ஃபேர்த், ஒரு சொல்லின் பொருளை அறிய அதன் தோழமையையும் நோக்க வேண்டும் என்று 1950களில் வலியுறுத்தினார். சேர்க்கையைக் கொண்டு ஆளை மதிப்பிடுவதுபோன்றதே இது.

இலங்கையில் இவ்விடயத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பல்கலைக்கழக மாணவரிடையே ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் வழங்கிவந்த பட்டப்பெயர் 'கடுவ'. வாள் என்பது அதன் பொருள். அவ்வாள் பெரும்பாலும் வெட்டுவது இத்தகைய சிறு சொற்களிலேதான். கடினமான கட்டுரையைப் படித்து விளங்கிக் கொள்ளும் ஆற்றல் உள்ளவனும், ஒரு சின்ன வினை மாறிவிட்டமைக்காக நகையாடப்படுகிறான். அதன்பின் அவன் வாய் திறக்கவே அஞ்சுகிறான். உண்மையில் அவ்வழு அறிவின்மையைக் காட்டுவதன்று. தாய்மொழி வழக்கை நேர்மையாகப் பின்பற்றியதன் அடையாளமே அது. தவறு 'செய்தல்' என்று தமிழில் கூறியவன், ஆங்கிலத்திலும் அதனையே செய்தான்.

பரிகாரம் எளியது; பொறுமை மட்டும் வேண்டும். வினைச்சொல்லைத் தனியே எடுத்து அதன் பொருள்களை மனனஞ் செய்வதாற் பயன் குறைவு. வினையைத் தெரிவு செய்வது பெயரே ஆதலால், குறிப்பேட்டில் முதலிற் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் அதற்குரிய வினையை எழுதுவதே தக்கது. வாக்குறுதி என்னும் 'புரொமிஸ்' எழுதப்பட்டால், கொடுப்பதற்கு 'மேக்', காப்பதற்கு 'கீப்', மீறுவதற்கு 'பிரேக்' என மூன்றும் அருகே நிற்கட்டும். பத்திரிகையிலோ வானொலிச் செய்தியிலோ அப்பெயர் வருந்தோறும், அதனுடன் வந்த வினை எது என்று செவி கொடுத்தால் வழக்கு படியும். நாளொன்றுக்கு ஒரு பெயர் என்றாலும், ஆண்டு முடிவில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் தத்தம் துணையோடு சேர்ந்திருக்கும்.

பிறர் இடறும்போது நகைப்பவர்களும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. அவர்கள் அறிந்திருப்பது விதியன்று, பழக்கமே. பழக்கம் இல்லாதவனுக்குச் சரியான சொல்லை மெல்ல எடுத்துக் கூறினால், அடுத்த முறை அவன் அஞ்சாது பேசுவான்.