சாமைச் சோறு எங்கே போனது?

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது மலையாளப்பட்டி. இங்கும், திருச்சி, சேலம் மாவட்டங்கள் வரை மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலும் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் பூர்வீகக் கதை.

பெரம்பலூர் மாவட்ட மக்களில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். மாவட்டத்துக்கென்று ஒரு சராசரி போடும்போது இவர்கள் வீட்டுக் குழந்தைகளின் எடையும் உயரமும் அதில் காணாமல் போய்விடுகின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மொத்த மாநிலத்தின் நிலையே இது என்றால், பஸ் வசதி குறைந்த மலைக் கிராமத்தைப் பற்றித் தனியாகக் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

மலையில் இன்று யாரும் பட்டினி கிடப்பதில்லை. அதற்குக் காரணம் ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசு கிடையாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. 2022-ல் தொடங்கிய காலை உணவும் சேர்ந்துகொண்டது. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் வயிறு நிறைவதும் உடம்பில் சத்து சேர்வதும் ஒன்றாகிவிடாது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, தொட்டுக்கொள்ள ஒரு ரசமோ புளிக்குழம்போ என்றால் பிள்ளை எப்படித் தேறும்? கார்டுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு எத்தனை நாளைக்கு வரும்?

இதே மலையில் ஒரு தலைமுறைக்கு முன்னால் சாமை, தினை, கேழ்வரகு விளைந்தன. அவற்றின் ஊடே துவரையும் அவரையும் போட்டார்கள். ஒரே காட்டிலிருந்து சோறும் வந்தது, பருப்பும் வந்தது. இன்று அந்தக் காடுகளில் பெரும்பாலும் மரவள்ளி நிற்கிறது. கிழங்கு லாரி ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. நூறு கிராம் மரவள்ளியில் புரதம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். சாமையில் பத்து கிராம். ஆனாலும் விவசாயியைக் குறை சொல்ல வழியில்லை. கிழங்குக்குக் கையில் பணம் வருகிறது. அந்தப் பணத்தில்தான் பிள்ளையின் படிப்பும் ஆஸ்பத்திரிச் செலவும் ஓடுகின்றன.

சாமை போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைப் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதன்மேல் உமி இறுகப் பிடித்திருக்கும். காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் ஒரு வேளைக்கு அரிசி தேறும். கல் நீக்குவது தனி வேலை. காட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண் அந்தி நேரத்தில் உலக்கையைத் தூக்க வேண்டும். ரேஷன் அரிசியோ களைந்து உலையில் போட்டால் சோறு. அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? சிறுதானியம் நல்லது என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த உலக்கையை ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும்.

பக்கத்து மலையில் இதற்கு வழி கண்டார்கள். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து வேலை செய்தது. ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். உள்ளூர் விதைகளைச் சேர்த்தார்கள். மாவாகவும் அரிசியாகவும் விற்க ஏற்பாடு செய்தார்கள். மரவள்ளியை அது முழுதாகத் தடுத்துவிடவில்லை. என்றாலும் வீட்டுச் சமையலுக்குச் சாமை திரும்பி வர, மில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே தெளிவாகிவிட்டது.

பக்கத்து மாவட்டமான அரியலூரின் கதை வேறு. அங்கே இருளர் பழங்குடிக் குடும்பங்களுக்கு மலையும் இல்லை, நிலமும் இல்லை. ஏரி மீன், நண்டு, நத்தை, வயல் எலி என்று அவர்களுக்குக் காசில்லாமல் கிடைத்துவந்த புரதம், ஏரியும் வயலும் சுருங்கச் சுருங்கக் குறைந்துகொண்டே வருகிறது. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய்விட்டால், ரேஷனைப் போன இடத்தில் வாங்கலாம். 2020 அக்டோபரில் இருந்து அதற்கு வழியிருக்கிறது. குழந்தையின் எடையை மாதாமாதம் குறித்துவந்த அங்கன்வாடிப் பதிவேடு மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. எடை குறையத் தொடங்கும் மாதம் யார் கண்ணிலும் படுவதில்லை.

'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை 2024 நவம்பர் 15-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் இதே அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில்தான் தொடங்கிவைத்தார். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள கைக்குழந்தைகளின் தாய்மாருக்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து அடங்கிய பெட்டகம் தருகிறார்கள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால்தான் உணவு என்பதால் தாயைத் தேற்றுவது சரியான வழி. ஆனால் பெட்டகம் தீர்ந்த பிறகு அந்தத் தாய் என்ன சாப்பிடுவாள் என்பதற்கும் பதில் வேண்டும்.

கனடாவில் வடகோடிப் பழங்குடிகளுக்கு விமானத்தில் போகும் உணவுக்கு அரசு மானியம் தருகிறது. அது போதாது என்று கண்டு, அவர்கள் தாங்களே வேட்டையாடி, மீன்பிடித்து உண்ணவும் 2020-ல் நிதி ஒதுக்கத் தொடங்கினார்கள். அரிசியை மேலே ஏற்றும் நாம், மலை தானே விளைவிப்பதற்கும் கைகொடுக்கலாம். தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தருகிறார்கள். பச்சைமலைச் சாமையை அந்த மலையின் ரேஷன் கடையும் அங்கன்வாடியும் சத்துணவுக் கூடமும் வாங்கினால் என்ன? கேழ்வரகுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை இருக்கிறது. சாமைக்குத் தனியாக அறிவிப்பதில்லை. எனவே மாநில அரசுதான் ஒரு விலையைச் சொல்ல வேண்டும். அதையும் ஆடி விதைப்புக்கு முன்பே சொல்ல வேண்டும். தாமதமானால், அதற்குள் காட்டில் கிழங்குக் குச்சி ஊன்றியிருப்பார்கள். அடுத்த பத்து மாதத்துக்கு அந்த நிலத்தில் சாமைக்கு இடமிருக்காது.