தவறான முகவரியும் தடுமாறாத கர்னலும்

கணிப்பொறி நுழையாத இடம் இன்று இல்லை. கீழ்ப்பழனி மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் எங்கள் பண்ணைக்காடும் அதற்கு விலக்கன்று. விவசாயி காப்பிக்கொட்டையின் விலையைக் கைப்பேசியில் பார்க்கிறார். விற்ற பணம் வந்து சேர்ந்ததா என்பதையும் அதிலேயே பார்க்கிறார். அந்தக் கைப்பேசிகளுள் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்தவை. ஆண்ட்ராய்டின் அடித்தளமாக இருப்பது லினக்ஸ் கர்னல். லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991 ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய அதே கர்னல்தான் இன்று மலைக்காட்டு விவசாயியின் சட்டைப்பையிலும் குடிகொண்டிருக்கிறது!

அந்தக் கர்னல் ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான முறை செய்யும் ஒரு சிறு வேலையைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செய்தியைப் பெயர்த்து வைப்பதே அவ்வேலை. இதில் என்ன அருமை இருக்கிறது என்று கேட்கலாம். பெயர்க்கும்போது முகவரி தவறாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் அருமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கிட்டங்கிக் காப்பாளர்

இயக்க முறைமையின் நடுநாயகமாக விளங்கும் நிரலே கர்னல். நாம் பயன்படுத்தும் மற்ற நிரல்கள் யாவும் பயனர் நிரல்கள். பயனர் நிரலுக்குத் தன் எல்லைக்குள் மட்டுமே உரிமை உண்டு. கர்னலுக்கோ நினைவகம் முழுவதற்கும் உரிமை உண்டு. இந்த வேறுபாட்டை நுண்செயலியே கட்டிக்காக்கிறது.

ஒரு பெரிய காப்பிக் கிட்டங்கியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் காப்பாளரிடம் எல்லா அறைகளின் சாவியும் இருக்கிறது. விவசாயி எவரும் உள்ளே நுழைய முடியாது. சீட்டு எழுதித்தான் கொடுக்க வேண்டும். “இந்தச் சர்வே எண்ணில் இருக்கும் என் கொட்டகையிலிருந்து பத்து மூட்டைகளை எடுத்துக் கிட்டங்கியில் வையுங்கள்” என்பது போன்ற சீட்டு அது. காப்பாளர்தான் கர்னல், விவசாயிதான் பயனர் நிரல், சர்வே எண்தான் நினைவக முகவரி. சீட்டுக்கு அமைப்பு அழைப்பு என்று பெயர்.

எந்த முகவரி யாருக்குரியது என்பதைக் காட்டும் பட்டாப் பதிவேடும் ஒன்று உண்டு. அதற்குப் பக்க அட்டவணை என்று பெயர். நினைவகம் பெரும்பாலும் 4096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திற்கும் உரிமையாளர் யார், அதில் எழுதலாமா, படிக்க மட்டும்தானா என்பவை இப்பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன.

மூன்று வகைச் சீட்டுகள்

நல்ல சீட்டைப் பற்றிக் கவலை இல்லை. சிக்கல் தரும் சீட்டுகள் மூன்று வகைப்படும்.

முதல் வகையில் முகவரி சரியானதே. ஆனால் பொருள் அப்போது அங்கே இல்லை. அந்தப் பக்கம் இன்னும் நினைவகத்திற்குள் கொண்டுவரப்படவில்லை. நுண்செயலி பக்கப்பிழை என்று அறிவிக்கிறது. கர்னல் அப்பக்கத்தைச் சேமிப்பகத்திலிருந்து வரவழைத்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறது. இது தவறன்று, தாமதம் மட்டுமே.

இரண்டாம் வகையில் அப்படி ஒரு சர்வே எண்ணே இல்லை. நிரலை எழுதியவரின் கவனக்குறைவால் பொருளற்ற எண் ஒன்று முகவரியாக வந்து சேர்ந்திருக்கிறது. இதற்காகக் கர்னல் நிலைகுலையக் கூடாது. சீட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

மூன்றாம் வகையே கொடியது. சீட்டில் இருப்பது கிட்டங்கியின் சொந்த அறை எண்! விவசாயி தானே நுழைய முடியாத அறையில் காப்பாளரை அனுப்பிப் பொருளை எடுக்கவோ மாற்றவோ செய்யும் சூழ்ச்சி இது. எல்லாச் சாவியும் வைத்திருப்பவர் எண்ணைப் பாராமல் போனால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும்.

மீதியைச் சொல்லும் மரபு

லினக்ஸ் கர்னலில் இப்பணிக்கென்றே இரண்டு செயற்கூறுகள் உள்ளன. பயனரிடமிருந்து கர்னலுக்குப் பெயர்ப்பது காப்பி ஃப்ரம் யூசர். கர்னலிலிருந்து பயனருக்குப் பெயர்ப்பது காப்பி டூ யூசர். இவை இரண்டும் முதலில் முகவரி பயனரின் எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்க்கின்றன. அச்சோதனைக்கு ஆக்சஸ் ஓகே என்று பெயர். மூன்றாம் வகைச் சீட்டு அங்கேயே தடுக்கப்பட்டுவிடுகிறது.

இவற்றின் விடை சொல்லும் முறை சற்று விந்தையானது. எத்தனை பைட்டுகள் பெயர்க்கப்பட்டன என்று இவை சொல்வதில்லை. எத்தனை பைட்டுகள் பெயர்க்கப்படாமல் நின்றுவிட்டன என்பதையே சொல்கின்றன. பத்து மூட்டைகளில் ஏழு ஏறியபின் தடை நேர்ந்தால் விடை 3. எல்லாம் ஏறிவிட்டால் விடை 0. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் முன்னோர். கர்னலோ போட்டதை விட்டுவிட்டுப் போடாததை அளக்கிறது!

இவ்விடையை அப்படியே பயனர் நிரலுக்கு அனுப்புவது பெரும் பிழை. ஏனெனில் அமைப்பு அழைப்புகளில் எதிர்மறை எண்ணே தோல்வியின் அடையாளம். 3 என்னும் விடையைப் பெற்ற நிரல், மூன்று பைட்டுகள் வெற்றியுடன் வந்து சேர்ந்தன என்று தவறாகப் பொருள் கொள்ளும். ஆகவே விடை 0 அல்லாததாக இருந்தால், கர்னலை எழுதுவோர் அதை ஈஃபால்ட் என்னும் பிழையாக மாற்றி அனுப்ப வேண்டும். தவறான முகவரி என்பதே அதன் பொருள். லினக்ஸில் அதன் எண் 14; எதிர்மறையாக அனுப்பப்படுகிறது. கெட் யூசர், புட் யூசர் என்னும் சிறு செயற்கூறுகளோ தாமே அந்த எதிர்மறை எண்ணைத் தந்துவிடுகின்றன. ஒரே குடும்பத்தில் இருவேறு வழக்கங்கள் இருப்பதால் கர்னலை எழுதுவோர் விழிப்புடன் இருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பயனரிடமிருந்து பெயர்க்கும்போது பாதியில் தடை நேர்ந்தால், நிரம்பாமல் நின்ற இடத்தைக் காப்பி ஃப்ரம் யூசர் சுழியங்களால் நிரப்பிவிடுகிறது. அந்த இடத்தில் முன்பு வேறொருவருடைய கடவுச்சொல்லின் எச்சம் இருந்திருக்கலாம். அது பின்னர் வேறு வழியாக வெளியேறிவிடக் கூடாது என்னும் முன்னெச்சரிக்கையே இது. தோல்வியைக் கூடத் தூய்மையாக முடிக்க வேண்டும் என்னும் பாடத்தை இங்கே காண்கிறோம்.

முன்னே சோதிப்பதா, விழுந்தபின் எழுவதா?

முகவரி எல்லைக்குள் இருக்கிறது என்பதனாலேயே அங்கே நிலம் இருக்கிறது என்று ஆகிவிடாது. அதை எப்படி அறிவது? பழைய லினக்ஸில், பெயர்ப்பதற்கு முன்பே பட்டாப் பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்க்கும் முறை இருந்தது. வெரிஃபை ஏரியா என்பது அதன் பெயர். அதில் இரண்டு குறைகள் இருந்தன. பெரும்பாலான சீட்டுகள் நல்லவையாகவே இருக்க, ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டைப் புரட்டுவது வீண் வேலை. அத்துடன், சரிபார்த்து முடித்துப் போய்ச் சேர்வதற்குள் அதே நிரலின் மற்றோர் இழை அந்த நிலத்தைக் கைவிட்டிருக்கக்கூடும்.

எனவே 2.1 வரிசையில் வேறு வழி காணப்பட்டது. சோதிக்காமல் நேரே போ. நிலம் இல்லையென்றால் நுண்செயலியே பக்கப்பிழை என்று கூவும். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதே அவ்வழி. இது அசட்டுத் துணிச்சலன்று. மலைப்பாதையில் லாரி ஓட்டுபவர், எந்தெந்த வளைவில் சறுக்கக்கூடும், சறுக்கினால் எந்தத் திட்டில் ஒதுங்கலாம் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வதைப் போன்றது இது. கர்னலைத் தொகுக்கும்போதே அத்தகைய பட்டியல் ஒன்று உருவாகிறது. அதன் பெயர் விதிவிலக்கு அட்டவணை. பிழை நேரக்கூடிய கட்டளை எங்கே இருக்கிறது, பிழை நேர்ந்தால் எந்த இடத்திற்குத் தாவ வேண்டும் என்ற இரண்டு குறிப்புகள் ஒவ்வொரு வரியிலும் இருக்கும்.

கர்னல் பணியில் இருக்கும்போது பக்கப்பிழை நேர்ந்து, பக்கத்தைக் கொண்டுவரவும் வழியில்லையென்றால், கர்னல் இப்பட்டியலைத் தேடுகிறது. பட்டியல் முகவரி வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் இருமத் தேடல் முறையில் விரைவாகத் தேடலாம். வரி கிடைத்தால் அங்கே தாவி, மீதி எண்ணிக்கையை விடையாகத் தந்து மீள்கிறது. வரி கிடைக்காவிட்டால் அது கர்னலின் சொந்தத் தவறு, மன்னிப்பு இல்லை. லினக்ஸில் அதை ஊப்ஸ் என்கிறார்கள். இம்முறையில் நல்ல சீட்டுகளுக்குப் பதிவேட்டைப் புரட்டும் செலவே இல்லை. தவறு செய்தவர் மட்டுமே அதன் செலவை ஏற்கிறார். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

ஒரு வரி விடுபட்டால்

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் மனிதக் கை தவறுகிறது. 2017 ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 4.13 பதிப்பில், வெயிட்ஐடி என்னும் அமைப்பு அழைப்பைத் திருத்தி எழுதியபோது ஆக்சஸ் ஓகே சோதனை விடுபட்டுப்போயிற்று. விளைவாக, சாதாரணப் பயனர் நிரல் ஒன்று கர்னலின் சொந்த முகவரியைக் கொடுத்து, கர்னலின் கையாலேயே அங்கே எழுதச் செய்ய முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் குறை வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. விடுபட்டது ஒரு சோதனைதான்; திறந்ததோ கோட்டைக் கதவு!

இது தனித்த நிகழ்ச்சியன்று. 2014 ஆம் ஆண்டுக்குப் பின் ஆண்ட்ராய்டு கர்னலில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 45 விழுக்காடு, எல்லைச் சோதனை இல்லாமையாலோ பிழையான எல்லைச் சோதனையாலோ விளைந்தவை என்று கூகுள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டு தெரிவித்தது. காப்பி விற்ற பணம் கைப்பேசியில் தங்கும் காலத்தில் இந்த எண்ணிக்கை வெறும் கணிப்பொறிச் செய்தியன்று. நம் வீட்டுச் செய்தி.

2024 ஜூலை 19

கர்னல் தன் சொந்த நினைவகத்தையே தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதை உலகம் 2024 ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் கர்னலுக்குள் இருந்து இயங்குவது. அதற்கான புதிய விதிக்கோப்பு ஒன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வெளியிடப்பட்டது. விதி 21 உள்ளீடுகளைக் கேட்டது. மென்பொருள் கொடுத்ததோ 20. அதற்கு முன்பு வந்த விதிகள் இருபத்தோராவது உள்ளீட்டைத் தொடாததால் குறை வெளிப்படவில்லை. அன்று வந்த விதி அதைத் தொட்டது. இல்லாத இருபத்தோராவது பொருளைத் தேடி மென்பொருள் எல்லைக்கு வெளியே கைநீட்டியது. கணிப்பொறி நீலத்திரை காட்டி நின்றுபோயிற்று.

ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. 10.57 மணிக்கே கோப்பு திருத்தப்பட்டபோதிலும், முடங்கிய கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது. சென்னை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் பயணிகள் காத்துக் கிடந்தனர். கையால் எழுதிய பயண அட்டைகள் கூட வழங்கப்பட்டன.

கர்னல் ஏன் பிழையைப் பொறுத்துக்கொண்டு தொடரக் கூடாது? தன் நினைவகத்தைப் பற்றித் தானே தவறாக எண்ணும் கர்னல், அடுத்த நொடி வட்டில் எதை எழுதும் என்று யார் சொல்ல முடியும்? கணக்கேடு குழம்பியபின் கிட்டங்கியைத் திறந்து வைப்பதைவிடப் பூட்டிவிடுவதே மேல். அதற்கு மருந்து விழுந்தபின் எழுவதன்று. கைநீட்டுமுன் எண்ணிப் பார்ப்பதே. அந்நிறுவனமும் பின்னர் எல்லைச் சோதனையைச் சேர்த்தது.

சென்னையில் பிறந்த நுண்செயலி

இப்பாதுகாப்பில் வன்பொருளுக்கும் பங்குண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி அவர்களின் தலைமையில் உருவான சக்தி நுண்செயலி, 2018 ஆம் ஆண்டு லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டமைப்பைச் சேர்ந்தது. அக்கட்டமைப்பில் சம் என்று ஒரு துணுக்கு உண்டு. அது அணைந்திருக்கும்போது கர்னலே விரும்பினாலும் பயனரின் பக்கங்களைத் தொட முடியாது. லினக்ஸ், பெயர்க்கும் அந்த நொடியில் மட்டும் அதை ஏற்றி, வேலை முடிந்தவுடன் அணைத்துவிடுகிறது. இன்டெல் நுண்செயலிகளிலும் ஆர்ம் நுண்செயலிகளிலும் இதுபோன்ற காவல் உண்டு. எல்லாச் சாவியும் வைத்திருப்பவருக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்று வன்பொருள் அறிஞர்கள் கண்டறிந்தது சிந்திக்கத்தக்கது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நாம் ஆய்வகத்தில் நிரல் எழுதும்போது சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை வந்தவுடன் மகிழ்ந்து எழுந்துவிடுகிறோம். தவறான உள்ளீட்டுக்கு என்ன நேரும் என்று கேட்பவர் சிலரே. பிறர் கொடுத்த முகவரியை அப்படியே நம்பாமை, வந்த விடையைப் புறக்கணியாமை, பாதியில் நின்றாலும் தூய்மையாக முடித்தல், தன் தவறையும் பிறர் தவறையும் வேறுபடுத்தி அறிதல் ஆகிய நான்கையும் கர்னலின் அச்சிறு செயற்கூறுகள் நமக்குக் கற்பிக்கின்றன. லினக்ஸின் மூல நிரல் யாவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. மலைக்காட்டிலிருந்து வந்த மாணவனும் அதைப் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். அத்தகைய திருத்தம் ஒன்று நம் கல்லூரியிலிருந்தும் செல்லும் நாள் தொலைவில் இல்லை.