தேய்ந்த சாவியும் மாற்றுச் சாவியும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பிரம்மதேசம் என்ற ஊர் உள்ளது. கிழக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். சுற்றிலும் வேர்க்கடலையும் தர்பூசணியும் விளையும் நிலங்கள். கோடை தொடங்கிவிட்டால் பழம் ஏற்றிய பிக்-அப் வண்டிகள் இவ்வழியே சென்னைக்குப் போய்வந்த வண்ணம் இருக்கும். அவற்றுள் சில இருபது ஆண்டுகளைக் கடந்தவை.

என் உறவினர் ஒருவரிடமும் அப்படியொரு பழைய வண்டி இருக்கிறது. ஒருநாள் இரவு பழம் ஏற்றி, கயிறு கட்டி முடித்து, கோயம்பேட்டுக்குப் புறப்படச் சாவியைத் திருப்பினார். சாவி திரும்பவில்லை. சில மாதங்களாகவே அது முரண்டு பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதனால் முன்னெச்சரிக்கையாக ஒரு மாற்றுச் சாவியும் செய்து வைத்திருந்தார். அதைப் போட்டுப் பார்த்தார். பழைய சாவியாவது பத்து முறைக்கு ஒரு முறை திரும்பியது. புதுச்சாவி ஒரு முறைகூடத் திரும்பவில்லை. மறுபடியும் பழைய சாவியைச் செருகிப் பலங்கொண்ட மட்டும் திருகினார். தலை கையோடு வந்துவிட்டது. உடல் பூட்டுக்குள் தங்கிவிட்டது. பழம் மறுநாள் வேறு வண்டியில் ஏறி, சந்தை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது.

சாவி தேய்வதும் முறிவதும் வியப்பன்று. ஆனால் நேற்றுச் செய்த சாவி இருபது ஆண்டுச் சாவியைவிட மோசமாக வேலை செய்வானேன்? இக்கேள்விக்கு விடை தேட நாம் முதலில் பூட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது?

பூட்டுகள் பல வகை. திண்டுக்கல் பூட்டில் நெம்புகோல்கள் வேலை செய்கின்றன. (இப்பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.) வீட்டுக் கதவுகளில் பொருத்தும் உருளைப் பூட்டில் சிறு ஊசிகள் உள்ளன. இதைச் செம்மைப்படுத்தியவர் அமெரிக்கரான லைனஸ் யேல். காலம் 1860-களின் தொடக்கம். மோட்டார் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது இவற்றிலிருந்து சற்று மாறுபட்ட தகட்டுப் பூட்டு.

இதில் வெளியே அசையாத ஒரு கூடு. அதற்குள் சுழலும் ஓர் உருளை. உருளையின் குறுக்கே நான்கைந்து மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு சுருள்வில் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சாவி இல்லாதபோது தகட்டின் முனை உருளைக்கு வெளியே நீண்டு, கூட்டிலுள்ள பள்ளத்தில் நுழைந்து நிற்கும். அந்நிலையில் உருளை சுழல முடியாது.

ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சாளரம் உண்டு; சாவி அதன் வழியே செல்கிறது. ஒரு தகட்டில் சாளரம் சற்று மேலே இருக்கும், மற்றொன்றில் சற்றுக் கீழே. சாவியிலுள்ள மேடுபள்ளங்கள் இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டுகின்றன. சரியான சாவி நுழைந்ததும் எல்லாத் தகடுகளும் ஒருசேர உருளைக்குள் அடங்குகின்றன. உருளை தடையின்றிச் சுழல்கிறது. பள்ளம் மிக ஆழமாக இருந்தால் தகடு ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆழம் போதாவிட்டால் மறு பக்கம் நீட்டும். இரண்டும் தடையே.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொழிற்சாலையில் இப்பள்ளங்கள் மனம்போன ஆழத்தில் வெட்டப்படுவதில்லை. சில குறிப்பிட்ட படிகளில் மட்டுமே வெட்டப்படுகின்றன. படிக்கும் படிக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நான்கு படிகள், ஐந்து தகடுகள் என்று கொண்டால் அமையக்கூடிய சாவிகள் 4×4×4×4×4, அதாவது 1024. எல்லாம் ஒரே ஆழமாக அமைவது போன்றவற்றைத் தொழிற்சாலையில் தவிர்த்துவிடுவர். ஆகவே உண்மையில் எண்ணிக்கை இன்னும் குறைவு. ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால், எந்தச் சாவியையும் 4-3-1-2-3 என்பது போல ஓர் எண் வரிசையாக எழுதிவிடலாம். நம் கையில் இருப்பது அந்த எண் வரிசையின் பித்தளை வடிவமே.

நான்கு கிலோமீட்டர் நடந்த சாவி

சாவி ஏன் தேய்கிறது? சாவியும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. இவ்வகைத் தேய்மானத்தை ஆர்ச்சர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் 1953-இல் ஓர் எளிய விதியாக வகுத்தார். தேய்ந்து போகும் பொருளின் பருமன், அழுத்தும் விசைக்கும் வழுக்கிய தொலைவுக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். பொருளின் கடினத்தன்மைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும்.

வழுக்கிய தொலைவைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? சாவி பூட்டுக்குள் செல்லும் தொலைவு 2.5 செ.மீ. போகவும் வரவும் 5 செ.மீ. நாளொன்றுக்குப் பத்து முறை எனில் 50 செ.மீ. ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 180 மீட்டர். இருபது ஆண்டுகளில் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல்! பொருள் ஏற்றி இறக்கும் வண்டிக்கு நாளொன்றுக்குப் பத்து முறை என்பது குறைவான மதிப்பீடே. பித்தளையை இரும்போடு ஒப்பிட்டால் மென்மையானது. போதாததற்கு மண்சாலைப் புழுதி வேறு. புழுதியிலுள்ள மணற்துகள் பித்தளையைவிடப் பன்மடங்கு கடினமானது. அது இடையில் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான்.

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. மேடுகளின் உச்சியே முதலில் மழுங்கும். பள்ளத்தின் அடிப்பகுதி குறைவாகவே தேயும். மேடு தாழ்ந்தால் தகடு போதிய அளவு உயர்த்தப்படாமல் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். பூட்டில் சிறிது தளர்வு இருப்பதால் பத்தில் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் பிழையை அது பொறுத்துக்கொள்ளும். அந்த எல்லையைத் தாண்டினால்தான் முரண்டு.

ஓட்டுநர்கள் சாவியை ஒரு நூல் அளவு வெளியே இழுத்துத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் நம்பிக்கையன்று. சாவி சற்று நகரும்போது தகடு பள்ளத்தின் சரிவில் ஏறிக்கொள்கிறது. தேய்மானத்தால் இழந்த உயரம் அவ்வாறு திரும்பக் கிடைக்கிறது. இருபுறமும் ஒரே மாதிரி வெட்டிய சாவியாயின் அதைத் திருப்பிச் செருகுவதும் சில சமயம் பயன் தரும். ஒருவர் எப்போதும் ஒரே வாட்டத்தில் செருகும் பழக்கமுடையவராக இருந்தால் இரு விளிம்புகளும் ஒன்றுபோல் தேய்ந்திருக்கா.

பூட்டில் குறையே இல்லாமலும் சாவி திரும்ப மறுப்பதுண்டு. சில வண்டிகளில் இதே பூட்டு ஸ்டீயரிங்கையும் பிணைத்து வைக்கிறது. சக்கரம் வளைந்த நிலையில் வண்டி நின்றிருந்தால், முறுக்குண்ட டயர் ஸ்டீயரிங்கைத் திருப்ப முயன்று பூட்டின் தாழ்க்கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை இருபுறமும் இலேசாக அசைத்தபடி சாவியைத் திருப்பினால் போதும். சாவியைத் தேய்ந்ததென்று குற்றம் சாட்டுமுன் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும்.

நகலின் நகல்

இனி நம் கேள்விக்கு வருவோம். முறிந்த சாவியின் துண்டுகளை நான் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்று வெர்னியர் அளவியால் அளந்தேன். அதன் மீச்சிற்றளவு 0.01 செ.மீ., அதாவது 0.1 மி.மீ. அரை மில்லிமீட்டர் படியை அளக்க இது தாராளம். ஆனால் அளவியின் தாடைகளின் தடித்த பகுதி பள்ளத்தில் இறங்காது. மெல்லிய முனைப்பகுதியையே பயன்படுத்த வேண்டும்.

அடிப்புறத்திலிருந்து ஒவ்வொரு வெட்டின் உயரமும் தலைப்பக்கத்திலிருந்து முறையே 4.9, 5.4, 6.3, 5.7, 5.3 மி.மீ. இருந்தன. இவ்வகைச் சாவிக்குரிய படிகள் 6.5, 6.0, 5.5, 5.0 மி.மீ.; இவற்றை முறையே 1, 2, 3, 4 என்று குறிப்போம். முதல் வெட்டு 5.0 ஆக இருந்திருக்க வேண்டும், இரண்டாவது 5.5, மூன்றாவது 6.5, ஐந்தாவது 5.5. இவற்றில் ஐயமில்லை.

நான்காவதில்தான் சிக்கல். 5.7 என்பது 5.5-க்கு அருகில் இருக்கிறது. கணக்கு வகுப்பில் முழுமையாக்கச் சொன்னால் நீங்கள் 5.5 என்றே எழுதுவீர்கள். இங்கே அது தவறு. தேய்மானம் பொருளைக் குறைக்குமே தவிர ஒருநாளும் கூட்டாது. 5.5 ஆக வெட்டிய இடம் 5.7 ஆக வளர்ந்திருக்க வழியில்லை. ஆகவே அது 6.0 ஆக இருந்து 0.3 மி.மீ. தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்த சாவியை அளக்கும்போது எப்போதும் மேற்படிக்கே செல்ல வேண்டும். எனவே இந்தச் சாவியின் எண் வரிசை 4-3-1-2-3.

அடுத்து மாற்றுச் சாவியை அளந்தேன். அதன் நான்காவது வெட்டு 5.6 மி.மீ.! சாவி வெட்டும் எந்திரத்தில் ஒரு பக்கம் பழைய சாவியைப் பொருத்துவர். மறு பக்கம் வெட்டாத சாவி. பழைய சாவியின் விளிம்பை ஒரு முனை தடவிச் செல்ல, சுழலும் வெட்டுச் சக்கரம் அதே வளைவைப் புதியதில் வெட்டுகிறது. எந்திரத்துக்குத் தேய்மானம் எது, வெட்டு எது என்று தெரியாது. இருப்பதை இருந்தபடியே வெட்டியது. தன் பங்குக்கு 0.1 மி.மீ. பிழையையும் சேர்த்தது. 0.3 மி.மீ. குறைவைப் பூட்டு எப்படியோ சகித்துக்கொண்டது, 0.4-ஐச் சகிக்கவில்லை. வெட்டித் தந்தவர்மேல் பெருங்குற்றம் ஒன்றுமில்லை. அவரிடம் நாம் கொடுத்த மூலமே பிழையானது.

ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் பாட்டைப் பதிவு செய்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர். ஒவ்வொரு பதிவிலும் இரைச்சல் கூடும். ஆனால் மங்கிப்போன கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுதும்போது, பாதி அழிந்த ஓர் எழுத்தை நாம் பாதியாகவே எழுதுவதில்லை; இன்ன எழுத்து என்று கண்டுகொண்டு முழுதாக எழுதுகிறோம். சாவியின் எண் வரிசையைக் கண்டு, அந்த எண்ணுக்குரிய ஆழத்தில் புதிதாக வெட்டுவதும் அதுபோன்றதே. கணிப்பொறிகள் செய்திகளைப் பழுதின்றிப் படியெடுப்பதன் அடிப்படையும் இதுதான். ஆகவே தேய்ந்த சாவியைக் கடையில் கொடுக்கும்போது 'இதைப் பார்த்து வெட்டுங்கள்' என்று சொல்லாமல், 'இதன் எண்ணைக் கண்டு வெட்ட முடியுமா?' என்று கேட்க வேண்டும். எல்லாக் கடைகளிலும் முடியாது. முடிகிற கடையைத் தேடிச் செல்வது பயனுள்ள அலைச்சல்.

சாவி முறிந்த இடமும் தற்செயலானதன்று. நாம் சாவித் தலையின் இரு பக்கங்களிலும் எதிரெதிர்த் திசையில் விசை கொடுக்கிறோம். இந்த இரட்டையின் திருப்புத்திறன் முழுவதையும் தாங்குவது தலைக்கும் பூட்டின் வாய்க்கும் இடைப்பட்ட பகுதி. இச்சாவியில் தலையை ஒட்டிய முதல் வெட்டே மிக ஆழமானது. உலோகம் அங்கே மிகக் குறுகலானது. கூரிய மூலையுள்ள பள்ளத்தில் தகைவு குவியும். பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வளர்ந்த நுண்விரிசல் அன்றிரவு முழுமை பெற்றது. கனமான சாவிக் கொத்து ஒன்று பள்ளஞ்சாலையில் ஆடி ஆடி அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

சாவியே இல்லாவிட்டால்?

எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டால் அளப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் எண் வரிசை தொலைந்துவிடவில்லை. அது பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. வண்டி வாங்கியபோது சாவியோடு வந்த சிறு தகட்டிலோ பழைய தாள்களிலோ சாவி எண் இருக்கக்கூடும். சில வண்டிகளில் கதவுப் பூட்டின் உருளைமேல் எண் பொறித்திருப்பர். இவை இல்லையெனில், தேர்ந்த பூட்டுத் தொழிலாளி பூட்டைக் கழற்றி, தகடுகளை நேரில் பார்த்து எண்ணைப் படித்துவிடுவார். கதவுக்கும் எஞ்சினுக்கும் ஒரே சாவியாக இருந்தால் ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கக் கதவின் பூட்டே இதற்குச் சிறந்தது. பலர் அதில் சாவியைச் செருகுவதே இல்லை. தகடுகள் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும்.

இவ்வேலைக்குச் செல்லும்போது ஆர்.சி. புத்தகத்தையும் அடையாளச் சான்றையும் எடுத்துச் செல்க. அவற்றைக் கேட்காமலே சாவி செய்து தரும் கடைக்காரர், நாளை உங்கள் வண்டிக்கு வேறொருவருக்கும் செய்து தருவார். வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனங்கள் சாவிகளை ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். பழைய சாவிகளை வீசிவிடாதீர்கள்.

சில வேளைகளில் சாவியைவிடப் பூட்டே அதிகம் தேய்ந்திருக்கும். அடுத்த படியையும் ஏற்கும் அளவுக்குத் தளர்ந்த பூட்டில், நான்கு படிகள் நடைமுறையில் இரண்டாகச் சுருங்கிவிடும். 1024 என்ற எண்ணிக்கை 32 ஆகிவிடும். அப்புறம் அடுத்த வீட்டு வண்டிச் சாவியும் நம் வண்டியைத் திறக்கலாம். அந்நிலையில் பூட்டையே மாற்றிவிடுவதுதான் முறை.

பூட்டுக்கு எண்ணெய் விடலாமா என்று பலரும் கேட்கின்றனர். கெட்டியான எண்ணெய் புழுதியைப் பிடித்து வைத்து அரைக்கும் கூழாக மாற்றிவிடும். கிராஃபைட் தூள் நல்லதென்பர். அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கும். ஆனால் உப்புக்காற்று வீசும் மரக்காணம் பகுதியில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்தில் கரைந்த உப்பு மின்பகுளியாகிறது. கிராஃபைட்டும் துத்தநாக வார்ப்பாலான பூட்டுக் கூடும் இரு மின்வாய்கள் ஆகின்றன. துத்தநாகம் அரிக்கப்படும். உலர்ந்த டெஃப்லான் வகை மசகு இங்கே மேலானது.

இவையெல்லாம் பழைய வண்டிகளுக்கு. பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் சாவித் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் மின்காந்தத் தூண்டல் மூலம் அதற்கு ஆற்றல் ஊட்டி அதன் அடையாள எண்ணைக் கேட்டறிகிறது. அங்கே பித்தளையை மட்டும் சரியாக வெட்டினால் கதவு திறக்கும், எஞ்சின் ஓடாது.

உறவினர் வண்டியின் இடப்பக்கக் கதவுப் பூட்டைத் திண்டிவனத்தில் ஒரு தொழிலாளி கழற்றினார். தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிமேல் வரிசையாக வைத்தார். அவற்றின்மேல் பொறித்திருந்த எண்களை மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படித்தார்: நான்கு, மூன்று, ஒன்று, இரண்டு, மூன்று. அந்த எண்ணுக்கு இரண்டு சாவிகள் வெட்டப்பட்டன. ஒன்று வண்டியில் இருக்கிறது. மற்றொன்றை உறவினர் மனைவி அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கிறார்.