துண்டு விழும் கணக்கில் ஒளிந்திருக்கும் கரும்பொருள்

பேரண்டத்தில் உள்ள பருப்பொருளில் ஏறத்தாழ 85 விழுக்காடு எதனால் ஆனது என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. அது ஒளியை உமிழ்வதில்லை, உறிஞ்சுவதும் இல்லை. அதன் ஈர்ப்பு மட்டுமே நமக்குப் புலப்படுகிறது. 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி எழுப்பிய ஐயத்தை, 1970-களில் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்த வேரா ரூபின் வலுப்படுத்தினார். அதையே கரும்பொருள் என்கிறோம்.

இப்புதிருக்கு மீச்சீர்மைக் கோட்பாடு ஒரு விடை தருகிறது. நாம் அறிந்த ஒவ்வொரு அடிப்படைத் துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்பது அதன் கூற்று. அவ்விணைகளுள் மிகக் குறைந்த நிறையுடையது சிதையாமல் நிலைத்திருக்கலாம். மின்னூட்டமற்ற ‘நியூட்ராலினோ’தான் அது என்றால், கரும்பொருளின் இலக்கணம் அதற்குப் பொருந்திவிடும்.

கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத துகளை எவ்வாறு பிடிப்பது? ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்கள் எதிரெதிரே மோதுகின்றன. மோதுமுன் அவற்றுக்குப் பக்கவாட்டு உந்தம் கிட்டத்தட்ட இல்லை. எனவே, மோதலில் சிதறும் துகள்களின் பக்கவாட்டு உந்தங்களைக் கூட்டினாலும் சுழியே வரவேண்டும். வரவு செலவில் துண்டு விழுந்தால் பணம் எங்கோ போயிருக்கிறது என்றுதானே பொருள்? உந்தக் கணக்கில் துண்டு விழுந்தாலும், புலப்படாத ஏதோவொன்று வெளியேறியிருக்கிறது என்றே பொருள்.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. நாம் நன்கறிந்த நியூட்ரினோக்களும் இவ்வாறே தப்பிச் செல்கின்றன. ஆகவே, அவற்றால் விழக்கூடிய துண்டைத் துல்லியமாகக் கணித்து, அதற்கு மேல் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரு ஆய்வுக் குழுக்களும் அதைத்தான் செய்துவருகின்றன. 2012-இல் ஹிக்ஸ் போசான் அகப்பட்டது. மீச்சீர்மைத் துகள் எதுவும் இதுவரை அகப்படவில்லை. குளுவினோ என்னும் இணைத்துகள் புரோட்டானைப்போல் 2,000 மடங்கு நிறை கொண்டிருந்தாலும் வெளிப்பட்டிருக்கும் என்ற நிலையைப் பல மாதிரிகளில் எட்டிவிட்டோம்.

இது வீண் செலவு என்போரின் கருத்தை நான் ஏற்கவில்லை. எங்கே இல்லை என்று அறிவதும் அறிவே. அதேசமயம், ஒவ்வொரு தேடலுக்குப் பின்னும் ‘இன்னும் சற்று மேலே இருக்கும்’ என்று எல்லையைத் தள்ளிவைக்கும் கோட்பாட்டாளர்களிடமும் நாம் கேள்வி கேட்கவேண்டும்.

நாளையே ஒரு துகள் சிக்கினாலும் வேலை முடிந்துவிடாது. மோதலில் பிறந்தது கருவியைக் கடக்கும் சில நொடித்துளிகள் நிலைத்திருந்தது என்று மட்டுமே கூறமுடியும். கரும்பொருளோ 1,380 கோடி ஆண்டுகள் நீடித்திருக்கவேண்டும். அதே துகள்தான் விண்ணையும் நிறைத்திருக்கிறதா என்பதை, பூமிக்கடியில் திரவ செனான் தொட்டிகளுடன் காத்திருக்கும் ஆய்வுகளே உறுதிசெய்யவேண்டும். அந்த இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகும் நாள்வரை, பொறுமையே அறிவியலின் முதல் மூலதனம் என்பேன்.